ஹினாக்ஸின் கால் நகமும் கீஸின் கண்ணும்: ‘டியர்ஸ் ஆஃப் த கிங்டம்’ விளையாட்டின் சேகரிப்புப் பொருட்கள்

ஒற்றைக்கண் பூதமான ஹினாக்ஸை வீழ்த்தினால், அது படுத்திருந்த புல்தரையில் அதன் பல்லும் குடலும் கால் நகமும் சிதறிக் கிடக்கும். அந்த நகத்தை முதன்முறை எடுத்துப் பையில் போட்டபோது, இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. இருநூறு மணி நேரத்துக்கு மேல் விளையாடி முடித்துவிட்ட இன்று, வழியில் கிடக்கும் ஒவ்வொரு சில்லறைப் பொருளையும் பார்த்து அதே கேள்வியைக் கேட்க வைத்ததுதான் இந்த விளையாட்டின் பெரிய சாதனை என்று உறுதியாகச் சொல்வேன். நிண்டெண்டோ நிறுவனம் 2023 மே 12 அன்று ஸ்விட்ச் கருவிக்காக வெளியிட்ட ‘த லெஜண்ட் ஆஃப் செல்டா: டியர்ஸ் ஆஃப் த கிங்டம்’ பற்றிப் பேசுபவர்கள் அதன் கதையையும், வீரர்கள் கட்டும் பறக்கும் வண்டிகளையும், புதிர்க் கோயில்களையும் பற்றியே அதிகம் பேசியிருக்கிறார்கள். அந்த உலகில் பொறுக்கிச் சேர்க்கும் விசித்திரமான பொருட்களைப் பற்றி மட்டும் இங்கே எழுத விரும்புகிறேன். என்னை மாதக்கணக்கில் கட்டிப்போட்டவை அவைதான்.

இந்த வரிசையின் முந்தைய விளையாட்டான ‘ப்ரெத் ஆஃப் த வைல்ட்’ 2017 மார்ச் 3 அன்று வந்தது. அதையும் இதையும் இயக்கியவர் ஹிடேமாரோ ஃபுஜிபயாஷி. தயாரித்தவர் எய்ஜி ஆவோனுமா. ஹைரூல் என்ற அதே நாடு, அதே மலைகள், அதே ஆறுகள்தான் இதிலும் வருகின்றன என்றாலும், தலைக்கு மேலே மிதக்கும் தீவுகளும், நிலத்துக்கு அடியில் ஹைரூலின் பரப்பளவுக்கே விரிந்து கிடக்கும் ‘டெப்த்ஸ்’ என்னும் இருள் உலகமும், மலைச்சரிவுகளில் திறந்து கிடக்கும் குகைகளும் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. வெளிவந்த மூன்றே நாட்களில் 1 கோடிப் பிரதிகள் விற்ற விளையாட்டு இது.

முந்தைய விளையாட்டிலும் அரக்கர்களின் கொம்பும் பல்லும் குடலும் கிடைத்தன. ஆனால் அவற்றுக்கு மூன்று வேலைகள்தான் இருந்தன: விற்றுக் காசாக்கலாம், பூச்சிகளோடு சேர்த்துக் காய்ச்சி மருந்தாக்கலாம், தேவதைகளிடம் கொடுத்து உடையை வலுவாக்கிக்கொள்ளலாம். அதனால் பொகோப்ளின் என்னும் குட்டி அரக்கனின் கொம்பு, சில மணி நேரம் கழிந்ததும், பையில் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண்ணாக மாறிவிடும். பெரும்பாலான விளையாட்டுகளில் சேகரிப்பு என்பது இப்படித்தான் முடிகிறது. பத்துக் கொம்பு கொண்டுவந்தால் ஒரு கவசம் என்று ஒரு பட்டியல் சொல்கிறது. நாமும் பட்டியலைப் பார்த்து வேட்டையாடுகிறோம். அந்தக் கொம்பு கொம்பாக இல்லாமல் ஒரு கூழாங்கல்லாக இருந்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது.

இதை மாற்றியது ‘ஃபியூஸ்’ என்ற ஒரே திறன். கதையின் தொடக்கத்தில் நிகழும் பேரழிவில் நாட்டிலுள்ள வாள்களும் ஈட்டிகளும் அரித்துப்போய்விடுகின்றன. அவற்றை அப்படியே எடுத்துச் சண்டையிட்டால் சாதாரண அரக்கனைக்கூடச் சாய்க்க நெடுநேரம் ஆகும். ஆகவே கதாநாயகன் லிங்க் தன் கைக்குக் கிடைக்கும் எதையும் ஆயுதத்திலோ கேடயத்திலோ அம்பிலோ ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மரக்கிளையின் நுனியில் பாறாங்கல்லை ஒட்டினால் அது பாறை உடைக்கும் சம்மட்டி ஆகிறது. துருப்பிடித்த வாளில் கொம்பை ஒட்டினால் அந்தக் கொம்பே புதிய அலகாக நீள்கிறது. ஆயுதங்கள் விரைவில் உடைகின்றன என்பது முந்தைய விளையாட்டின் மீது பலரும் வைத்த குறை. இங்கேயும் அவை உடையத்தான் செய்கின்றன, ஆனால் உடைந்த கையோடு பைக்குள் துழாவி, மிச்சம் என்ன இருக்கிறது, அதில் எதை எதோடு சேர்க்கலாம் என்று யோசிக்கும் அந்த அரை நிமிடம் எனக்கு ஒரு தண்டனையாகத் தோன்றவே இல்லை.

இந்த அமைப்பில் நான் மிகவும் மதிப்பது, ஒவ்வொரு பொருளின் பயனும் அந்தப் பொருளின் இயல்பிலிருந்தே பிறக்கிறது என்பதைத்தான். கீஸ் என்பது வௌவால் போன்ற ஒரு சிறு அரக்கப் பறவை. அதன் சிறகை அம்பில் ஒட்டினால் அம்பு வழக்கத்தைவிட நெடுந்தூரம் பறக்கிறது. அதன் கண்ணை ஒட்டினால், எய்தவர் சரியாகக் குறிபார்க்காவிட்டாலும், அம்பு காற்றில் வளைந்து இலக்கைத் தானே தேடிப் போய்த் தைக்கிறது. சிறகு பறக்கும், கண் பார்க்கும் என்பதற்கு மேல் இதில் கற்றுக்கொள்ள எந்த விதியும் இல்லை. ஒரு குழந்தையிடம் கீஸின் கண்ணைக் கொடுத்து இது என்ன செய்யும் என்று கேட்டால் சரியான பதிலைச் சொல்லிவிடும் என்று நம்புகிறேன். சூச்சூ என்னும் கூழ் உருண்டைகளை வீழ்த்தினால் கிடைக்கும் கூழ், அது எந்த நிறத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப நெருப்பாகவோ பனியாகவோ மின்சாரமாகவோ வெடிக்கிறது. வெறும் நீலக் கூழை நெருப்பில் காட்டினால் அது சிவப்புக் கூழாகிவிடுகிறது. பைன் மரக் காயை எரியும் நெருப்பில் போட்டால் பெரும் சூட்டுக்காற்று மேலே கிளம்பும், அதில் லிங்க் தன் காற்றுப்பாயை விரித்து மலைமுகடுவரை ஏறிவிடலாம். பிசின் நிறைந்த பைன் காய் நிஜ நெருப்பிலும் மூர்க்கமாக எரியும் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த இடத்தில் உண்டாகும் மகிழ்ச்சி தனி வகையானது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, குகைகளில் முளைக்கும் பஃப்ஷ்ரூம் என்னும் காளான். எறிந்தாலோ அம்பில் வைத்து எய்தாலோ அது வெண்புகையாக விரிந்து அந்த இடத்தையே மூடிவிடும். புகைக்குள் இருக்கும் அரக்கர்களுக்கு நம்மைத் தெரியாது என்பதால், பின்பக்கமாகப் போய் ஒவ்வொருவராகத் தாக்கலாம். கேடயத்தில் இதை ஒட்டிக்கொண்டால், எதிரியின் அடி விழுந்த கணத்தில் அவனே தன்னைப் புகையில் மூழ்கடித்துக்கொள்கிறான். மற்றொன்று, கீழுலகின் இருளில் வளரும் மடில் பட் என்னும் மொட்டு. அதன் பொடி பட்ட அரக்கனுக்குத் தன் கூட்டாளிகளே பகைவர்களாகத் தெரிவார்கள்.

ஒரு மாலை, ஒரு குன்றின் மேல் பொகோப்ளின் கும்பல் ஒன்று தங்கியிருந்தது. தலைவன் நல்ல ஆகிருதி. சுற்றிலும் தலைக்கவசம் அணிந்த ஆறேழு சிறுவர்கள். நேரே இறங்கி மோதினால் தோற்பேன் என்று எனக்குத் தெரியும். மூன்று முறை தோற்றும் இருந்தேன். நான்காவது முறை எதிர்ப்பாறையின் மேல் படுத்துக்கொண்டு, தலைவனின் தோளில் பதியும்படி ஒரே ஒரு மடில் பட் அம்பை எய்தேன். அவன் திரும்பித் தன் சிறுவர்களையே வாரி வீசத் தொடங்கினான். அவர்கள் முதலில் திகைத்து, பிறகு அவனைத் திருப்பித் தாக்கினார்கள். அந்தக் கலவரத்தில் ஒருவன் தடுமாறிச் சரிவில் உருண்டு போனான். நான் அந்த இடத்துக்கு இறங்கிப் போனபோது பொறுக்க வேண்டிய கொம்புகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. இந்தக் காட்சியை யாரும் எனக்காக எழுதி வைக்கவில்லை. பையிலிருந்த ஒரு மொட்டும், அது எதற்கு ஆகும் என்று நான் யோசித்ததும் சேர்ந்து அதை உண்டாக்கின. டாஸில் பழம் என்று இன்னொன்று உண்டு. அது வெடிக்கும்போது கண்ணைக் கூசவைக்கும் ஒளி பாய்ந்து, எதிரிகள் கையிலுள்ள ஆயுதத்தை நழுவவிடுவார்கள். இரவில் மண்ணைப் பிளந்துகொண்டு எழும் எலும்புக்கூட்டு அரக்கர்கள் அந்த ஒளி பட்டதும் அந்த நொடியே உதிர்ந்துபோவார்கள். ஒளிக்கு அஞ்சும் இரவுப் பிறவிகள் என்பதால் இதுவும் நியாயமாகவே படுகிறது.

ஆனால் இந்த நியாயம் விளையாட்டின் எல்லா இடங்களிலும் நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நாம் அதிகமாக வேட்டையாட வேட்டையாட, அரக்கர்கள் நீலமாகவும் கறுப்பாகவும் கடைசியில் வெள்ளி நிறமாகவும் மாறி வலுவடைகிறார்கள். அவர்களின் கொம்புகளும் கூடவே வலுவடைகின்றன. சிவப்புப் பொகோப்ளினின் கொம்பு ஆயுதத்துக்கு 4 புள்ளிகளே சேர்க்கும் நிலையில், வெள்ளிப் பொகோப்ளினின் கொம்பு 31 சேர்க்கிறது. குதிரையுடலும் சிங்கமுகமும் கொண்ட லைனலின் வெள்ளி வகையிலிருந்து கிடைக்கும் வாள்கொம்பு 55 சேர்க்கிறது. இந்தக் கணக்கு தெரிந்துவிட்ட பிறகு, நூறு மணி நேரத்தைத் தாண்டியவர்கள் கையில் எடுக்கும் எல்லா ஆயுதத்திலும் ஒரே வகைக் கொம்பைத்தான் ஒட்டுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். தொடக்கத்தில் சுரங்க வண்டியைக் கேடயத்தில் ஒட்டிச் சறுக்குப் பலகையாக்கிச் சரிவில் இறங்கி விளையாடிய அதே கை, பின்னால் பெரிய எண்ணை மட்டும் தேடுகிறது. இதற்கு அழகான விதிவிலக்கு கிப்டோ என்னும் பாலைவனப் பிணங்களின் எலும்பு. அது 40 புள்ளி தரும். ஆனால் உளுத்துப்போன எலும்பு என்பதால் உடனே நொறுங்கிவிடும். எண் பெரிதாக இருந்தும், எப்போது பயன்படுத்துவது என்று தயங்க வைக்கிறது அந்த எலும்பு. எல்லாக் கொம்புகளுக்கும் இப்படி ஒரு குணம் வைத்திருந்தால், முதல் பத்து மணி நேரத்தின் வியப்பு கடைசிவரை நீடித்திருக்கும்.

கீழுலகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே சூரியன் இல்லை. கால் வைக்கும் இடம் தெரியாத இருட்டு. குகைகளில் பறித்து வரும் பிரைட்ப்ளூம் விதைகளை வீசினால் விழுந்த இடத்தில் அவை ஒளிரும் பூவாகி நிலைத்துவிடுகின்றன. ஆகவே இருட்டில் நடப்பவர் தன் பாதையைத் தானே விளக்கிட்டுக்கொண்டு போகிறார். திரும்பிப் பார்த்தால் வந்த வழி முழுவதும் ஒரு மணிமாலையாகத் தெரியும். ஒரு விதைக்கு இவ்வளவு எளிமையான, இவ்வளவு அழகான வேலையை வேறெந்த விளையாட்டிலும் நான் கண்டதில்லை. அந்த இருட்டில்தான் சோனைட் என்னும் பச்சைத் தாது கிடைக்கிறது. அதை வெட்டிக் கொண்டுபோய் இயந்திர மனிதர்களிடம் கொடுத்துப் படிகமாக மாற்றி, 100 படிகங்கள் சேர்ந்தால் லிங்கின் மின்கலத்தில் ஒரு சிறு பகுதியைக் கூட்டிக்கொள்ளலாம். மின்விசிறி, சக்கரம், இறக்கை, ஏவுகணை போன்ற, சோனாய் என்னும் பழங்கால இனத்தின் இயந்திரத் துண்டுகள், ஜப்பானியக் கடைவீதிகளில் காசு போட்டால் பொம்மை உருண்டை விழும் இயந்திரத்தைப் போன்ற பெரிய குடுவைகளிலிருந்து விழுகின்றன. எது விழும் என்று முழுவதும் தெரியாமல் கையேந்தி நிற்கும் அந்தச் சிறுபிள்ளைத்தனமான ஆவல் நன்றாகவே வேலை செய்கிறது. என்றாலும் சோனைட் வெட்டுவது, மின்கலத்தை முழுமையாக்கும்வரை தொடர்ந்தால், சலிப்பான கூலிவேலையாகிவிடுகிறது.

குகைகள் அப்படிச் சலிக்கவில்லை. செல்டா வரிசையின் முதல் விளையாட்டு 1986-இல் வந்தது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையான ஷிகெரு மியாமோட்டோ, கியோட்டோ பகுதியின் சோனோபே ஊரில் சிறுவனாக வயல்களிலும் காடுகளிலும் திரிந்து குகைக்குள் நுழைந்து பார்த்த அனுபவமே அதற்கு வித்து என்று பல முறை சொல்லியிருக்கிறார். அந்த அனுபவம் இந்த விளையாட்டின் குகைகளில்தான் முழுமையாகக் கூடி வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு குகையின் கூரையிலும் எங்கோ ஒரு மூலையில் பப்பல் தவளை என்னும் நீலமாக ஒளிரும் பிராணி ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வீழ்த்தினால் ஒரு மணி கிடைக்கும். மொத்தம் 147 மணிகள். இவற்றை வாங்குபவன் கோல்டின் என்ற விசித்திரப் பிறவி. அவன் இரவில் மட்டும் கடை விரிப்பான், மணிகளைத் தின்பான், தின்றுகொண்டே இருந்தால் சடோரி என்னும் மலைத்தெய்வமாக மாறிவிடலாம் என்று நம்புகிறான், பதிலுக்கு அரக்க முகமூடிகளையும் விநோத உடைகளையும் கொடுக்கிறான். ஆங்காங்கே தனித்து நிற்கும் செர்ரி மரங்களின் அடியில் ஒரு பழத்தைக் காணிக்கையாக வைத்தால், சுற்றுவட்டாரக் குகைகளின் மேல் ஒளித்தூண்கள் எழுந்து வழிகாட்டும். தேடுவது, காணிக்கை வைப்பது, ஒளியைப் பின்தொடர்வது, கூரையை அண்ணாந்து பார்ப்பது, இரவில் அந்தக் கிறுக்கனின் கடையைக் கண்டுபிடிப்பது என்று ஒரு சிறு மணிக்குப் பின்னால் இவ்வளவு வாழ்க்கை இருக்கிறது. எண்ணிக்கை 147 என்றாலும் எனக்கு எண்ணத் தோன்றவில்லை.

டிராகன்களின் செதில்களைப் பற்றியும் இதே மனநிலையில்தான் பேச முடியும். ஃபரோஷ், டின்ரால், நைட்ரா என்ற மூன்றும் கிழக்காசிய ஓவியங்களில் வருவதுபோல் நீண்டு நெளியும் உடல் கொண்டவை. மின்சாரம், நெருப்பு, பனி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இயல்பு உண்டு. அவை யாரையும் தேடி வந்து தாக்குவதில்லை. தம் பாட்டுக்கு வானத்திலிருந்து பெரும் பிளவுகள் வழியாகக் கீழுலகத்துக்கும் மறுபடி மேலேயும் போய்வந்துகொண்டிருக்கின்றன. முந்தைய விளையாட்டில் தூர நின்று அம்பெய்து ஒரு செதிலோ நகமோ பெறலாம், அவ்வளவுதான். இங்கே ஒரு வானத்தீவின் விளிம்பிலிருந்து குதித்து அதன் முதுகிலேயே இறங்கி நடக்கலாம்; முதுகு முட்கள் ஒளிரும்போது அவற்றிலிருந்து துண்டுகளைச் சேகரிக்கலாம்; சில நிமிடங்கள் காத்திருந்தால் அவை மறுபடி ஒளிரும். கொம்புத் துண்டைச் சமையலில் சேர்த்தால் உணவின் விளைவு 30 நிமிடம் நீடிக்கும் என்பதால் அதற்கு நல்ல மதிப்பும் உண்டு. ஆனால் கொம்பைத் தேடிப் போன நான் பல நாள் அந்தத் துண்டை எடுத்த பிறகும் இறங்காமல், நைட்ராவின் முதுகில் உட்கார்ந்தபடி பனிமலைகள் கீழே நகர்வதைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன். ஒரு மூலப்பொருளைச் சேகரிக்கும் செயலே பயணமாகிவிடும் இடம் இது.

கொரோக் விதைகளைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். இலைமுகம் அணிந்த குட்டி வனவாசிகள் கல்லுக்கு அடியிலும் மரத்துச்சியிலும் ஒளிந்திருந்து, கண்டுபிடித்தவுடன் குதூகலமாகக் கூவி ஒரு விதையைத் தருகிறார்கள். முந்தைய விளையாட்டில் 900 விதைகள், இதில் 1000. பையை முழுமையாகப் பெரிதாக்க அதில் பாதிக்கும் குறைவானதே போதும். இந்த முறை சில கொரோக்குகள் முதுகில் மலைபோல் மூட்டையைச் சுமந்து நடக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும். தூரத்தில் புகை எழுப்பிக் காத்திருக்கும் தோழனிடம் அதைக் கொண்டு சேர்த்தால் 2 விதைகள். வண்டி கட்டியோ பலூனில் ஏற்றியோ ஏவுகணையில் கட்டியோ எப்படி வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதால், இதுவரை வெறும் தேடலாக இருந்தது பொருட்களைக் கொண்டு யோசிக்க வைக்கும் புதிராகிவிட்டது. விதைக்கு ஒரு தனி வாடை உண்டு என்று அதன் விளக்கக் குறிப்பு சொல்லும். எல்லா விதைகளையும் சேர்த்து முடிப்பவர்களுக்குக் கிடைக்கும் தங்கப் பரிசின் வடிவத்தைப் பார்க்கும்போது அந்த வாடைக்குக் காரணம் புரியும். அந்தப் பரிசுக்காக ஆயிரத்தையும் தேட வேண்டாம்; போகிற வழியில் கண்ணில் படுபவை போதும்.

சமையல் பெரிதாக மாறவில்லை. பூச்சியோ பல்லியோ தவளையோ அரக்க உறுப்போடு சேர்ந்தால் மருந்து. உணவோடு சேர்ந்தால் பார்க்கவே சகிக்காத ஒரு கலவை, அதைத் திரையில் மறைத்தே காட்டுகிறார்கள். கல்லையோ விறகையோ சட்டியில் போட்டால் கடிக்க முடியாத ஒன்று கிடைக்கும். செய்த சமையல்களைக் குறித்து வைக்கும் கையேடு இந்த முறை சேர்ந்திருப்பது பெரிய உதவி. ஹினாக்ஸின் கால் நகமும் கடைசியில் இந்தச் சட்டிக்குத்தான் பெரும்பாலும் போகிறது.

இனி, உண்மையாகவே வருத்தம் தரும் இடங்கள். ஒவ்வோர் அம்பிலும் பொருளை ஒட்ட, வில்லை வளைத்த நிலையில் பட்டியலைத் திறந்து, எல்லாப் பொருட்களும் ஒரே வரிசையில் இடமிருந்து வலமாக நீளும் ரயில் போன்ற பட்டியலில் தேட வேண்டும். தொடக்கத்தில் பத்துப் பொருட்கள் இருக்கும்போது இது சிரமமில்லை. நூற்றுக்கும் மேல் சேர்ந்த பிறகு, அடிக்கடி பயன்படுத்துபவை முன்னே வரும்படி அடுக்கினாலும், எதிரே லைனல் பாய்ந்து வர, கீஸின் கண்ணைத் தேடி விரல் தடுமாறுகிறது. பிடித்தமான எட்டுப் பொருட்களை மட்டும் குறித்து வைத்துக்கொள்ள ஒரு சிறு வளையம் தந்திருந்தால் போதும். ஒரு முறை ஒட்டியதை அடுத்த அம்புக்கும் தொடரச் செய்யும் வசதியும் இல்லை; ஒவ்வோர் அம்புக்கும் மறுபடி முதலிலிருந்து. விசித்திரமான பொருட்களை மக்கள் பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்று விரும்பும் ஒரு விளையாட்டு, அந்தப் பரிசோதனைக்கான கதவையே இவ்வளவு குறுகலாக வைத்தது எனக்குப் புரியவில்லை. இந்தக் காரணத்தாலேயே பலர் நான்கைந்து பொருட்களுக்கு மேல் தொடாமலேயே விளையாட்டை முடித்துவிடுகிறார்கள். ஆயுதத்தில் ஒட்டியதைச் சேதமின்றிப் பிரித்தெடுக்க டேரி டவுன் என்னும் ஒரே ஊருக்குத்தான் போக வேண்டும். அங்கே கொரான் என்னும் பாறை மனித இனத்தைச் சேர்ந்த ஒரு சிறுவன் 20 ரூபிக்கு, அதாவது அந்த நாட்டுக் காசுக்கு, பிரித்துத் தருவான். அந்தச் சிறுவனை எனக்குப் பிடிக்கும், ஆனால் எல்லாப் பெரிய ஊர்களிலும் அவனைப் போல் ஒருவர் இருந்திருக்கலாம்.

அடுத்தது உடை மேம்பாடு. நான்கு பெருந்தேவதைகளை அவரவர் மொட்டிலிருந்து வெளியே வரவழைக்க, முந்தைய விளையாட்டில் 100, 500, 1000, 10000 ரூபிகள் என்று காசு கேட்டார்கள். இங்கே அதற்குப் பதிலாக, சிதறிப்போன இசைக்குழுவினரை ஒவ்வொருவராகத் தேடிச் சேர்த்து, வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்த் தேவதையின் முன் வாசிக்க வைக்க வேண்டும்; இது மிக நல்ல மாற்றம். ஆனால் தேவதை விழித்த பிறகு நடப்பது பழைய பட்டியல் கணக்குதான். ஒவ்வோர் உடைத்துண்டுக்கும் நான்கு படிகள். படிக்கு இத்தனை கொம்பு, இத்தனை குடல், கூடவே 10, 50, 200, 500 என்று ஏறும் ரூபிகள். பல உடைகளின் கடைசிப் படிகளுக்கு விண்மீன் துண்டு வேண்டும். இரவு வானிலிருந்து ஒரு விண்மீன் எரிந்துகொண்டே விழுந்து, தூரத்தில் ஒளித்தூணாக நிற்பதைக் கண்டு, எதிரில் இருக்கும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிப்போய் அதை எடுப்பது இந்த உலகின் மிக நல்ல அனுபவங்களில் ஒன்று. அதே துண்டு டஜன் கணக்கில் தேவைப்படும்போது, வீரர்கள் உயரமான இடமொன்றில் நின்று, இரவு வரும்வரை நேரத்தை ஓட்டி, விழாவிட்டால் மறுபடி ஓட்டி என்று வானத்தை வேலைக்கு வைத்துவிடுகிறார்கள். ‘சைலண்ட் பிரின்சஸ்’ என்னும் நீலவெள்ளைப் பூவுக்கும் இதே கதி. மனிதர் தோட்டத்தில் பயிரிட முடியாத, காட்டில் மட்டும் பூக்கும் அரிய மலர் என்று முந்தைய விளையாட்டில் இளவரசி செல்டாவே அதைப் பற்றி வருத்தத்தோடு பேசுவாள். கதையில் அவ்வளவு பொருள்பட நிற்கும் ஒரு பூவைச் சட்டைக்கு இத்தனை, கால்சட்டைக்கு இத்தனை என்று எண்ணிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. என் பையில் அவை அப்படியே இருக்கின்றன. அந்த உடையும் பாதி மேம்பாட்டோடு நிற்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். 2025 ஜூன் 5 அன்று ஸ்விட்ச் 2 கருவியோடு இதன் மேம்பட்ட பதிப்பும் வந்தது. படம் தெளிவாகவும் அசைவு சீராகவும் இருக்கிறது. பழைய கருவியில், பல துண்டுகளை ஒட்டிக் கட்டும்போதும் மழையில் பெரும் சண்டை நடக்கும்போதும் அசைவு தடுமாறும் என்றாலும், விளையாட்டைக் கெடுக்கும் அளவுக்கு இல்லை. ஏற்கெனவே பழைய ஸ்விட்ச் வைத்திருப்பவர் இதற்காக மட்டும் புதியது வாங்க வேண்டியதில்லை. முந்தைய விளையாட்டை ஆடாமலே இதைத் தொடங்கலாம். ஆனால் இரண்டையும் ஆட எண்ணினால் வெளிவந்த வரிசையிலேயே ஆடுங்கள். ஃபியூஸ் கைக்கு வந்த பிறகு அது இல்லாத ஹைரூலுக்குத் திரும்பிப்போய், கீஸின் கண்ணைப் பொறுக்கி, அதை விற்பதற்கு மட்டும் வைத்துக்கொள்வது கடினம். தொடங்கிய முதல் வாரத்தில் எந்தப் பொருளையும் விற்காதீர்கள். எது என்ன செய்யும் என்று வேறெங்கும் தேடியும் பார்க்காதீர்கள். பாறையின் மேல் ஏறி நின்று, கையில் இருப்பதைக் கீழே எறிந்து பாருங்கள்.